ரஷ்ய–ஜப்பானியப் போர்ப் படங்களைப் பெயரும் தேதியும் இன்றி அச்சிடும் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

தமிழில் உலக வரலாற்று நூல்களையும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளையும் வெளியிடும் உங்களுள் ஒரு பதிப்பகம், இனிவரும் நூல்களில் படங்களுக்குரிய குறிப்புகளை அச்சிடப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. ரஷ்ய–ஜப்பானியப் போரைப் பற்றி அது வெளியிட்ட நூலில் படங்கள் தொடர்பாக இருந்த பிழைகளைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலாகவே இந்த முடிவு எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அவை உரிமைக்காலம் முடிந்த பழைய படங்கள் என்றும், யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை என்பதால் பெயர் போட வேண்டியதும் இல்லை என்றும், பக்கத்துக்கு அழகு சேர்க்கவே அவை இடம்பெறுகின்றன என்றும், குறிப்புகளுக்கான பக்கங்களை மிச்சப்படுத்தினால் நூலின் விலையைக் குறைக்கலாம் என்றும் அந்தப் பதில் கூறுகிறது. பதிப்பகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்தப் போரைப் பற்றி என் கைக்கு வந்த பிற பதிப்பகங்களின் நூல்களிலும் இதே வழக்கத்தையே காண்பதால், உங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். 1904 பிப்ரவரியில் தொடங்கி 1905 செப்டம்பரில் முடிந்த இந்தப் போருக்குப் பாடத்திட்டத்தில் கிடைப்பது சில பக்கங்களே. ஆனாலும் ஆசிய நாடு ஒன்று ஐரோப்பியப் பேரரசு ஒன்றைத் தோற்கடித்தது என்ற செய்தி மாணவர்களை ஈர்க்கிறது. பாடநூலில் இல்லாததைத் தேடி அவர்கள் உங்கள் நூல்களைத்தான் வாங்குகிறார்கள். நூலில் எழுதியிருப்பதைக் காட்டிலும் அதில் பார்த்த படமே அவர்களுடைய மனத்தில் தங்குகிறது என்பதை விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் காண்கிறேன். ஆகவே படத்தை அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதுவும் பாடம் நடத்துகிறது, பல நேரங்களில் என்னைவிட வலுவாகவே நடத்துகிறது.

நான் குறிப்பிடும் நூலின் தொடக்கத்தில் ஒரு கேலிச்சித்திரம் இருக்கிறது. நீரின் இரு புறமும் ஜப்பானியர் ஒருவரும் சீனர் ஒருவரும் தூண்டிலிட்டிருக்கிறார்கள். இடையில் கொரியா என்று பெயர் எழுதிய மீன். பாலத்தின் மேலிருந்து ரஷ்யர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே ‘1904ஆம் ஆண்டுப் போரைச் சித்திரிக்கும் படம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை வரைந்தவர் ஜார்ஜ் பிகோ என்ற பிரெஞ்சு ஓவியர். ஜப்பானில் பல ஆண்டுகள் வாழ்ந்த அவர் தாமே நடத்திய ‘தோபாயே’ என்ற இதழில் 1887இல் இதை வெளியிட்டார். அதாவது போருக்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது கொரியாவுக்காகப் போட்டியிட்டவை ஜப்பானும் சீனாவும். சைபீரியா வழியாகச் செல்லும் ரயில் பாதைக்கு ரஷ்யா அப்போது அடிக்கல்கூட நாட்டியிருக்கவில்லை. 1894–95இல் சீனா ஜப்பானிடம் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பின் சீனாவிடமிருந்து ஜப்பான் பெற்ற லியாவோதுங் தீபகற்பத்தை ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்சும் நெருக்கித் திருப்பிக் கொடுக்க வைத்தன. மூன்றே ஆண்டுகளில், 1898இல், அதே தீபகற்பத்தின் முனையிலுள்ள போர்ட் ஆர்தரை ரஷ்யா குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ஜப்பானியரின் மனத்தில் கனன்ற இந்த மனக்குறையை விட்டுவிட்டு 1904ஆம் ஆண்டுப் போரை விளக்கவே முடியாது. 1887ஆம் ஆண்டுப் படத்துக்கு 1904 என்று தேதியிட்டதும் இந்தக் காரணத் தொடர் முழுவதும் அறுந்துபோகிறது. 1904இல் ஜப்பானும் சீனாவும் போரிட்டன, இறுதியில் ரஷ்யா தலையிட்டது என்று ஒரு மாணவி விடை எழுதியிருந்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டபோது இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினார். அவர் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். அதன் கீழே இருந்த வரிதான் அவரை ஏமாற்றியது.

அடுத்து, செமுல்போ துறைமுகச் சண்டையைக் காட்டும் ஜப்பானிய வண்ண அச்சு. கொரியாவிலுள்ள இந்தத் துறைமுகம் இன்று இன்சியோன் என்று அழைக்கப்படுகிறது. 1904 பிப்ரவரி 9 அன்று ரஷ்யாவின் ‘வர்யாக்’ என்ற போர்க்கப்பலும் ‘கொரியெத்ஸ்’ என்ற பீரங்கிப் படகும் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, தம்மைவிடப் பல மடங்கு வலிமை கொண்ட ஜப்பானியக் கப்பல் அணியை எதிர்கொண்டன. கடும் சேதத்துடன் துறைமுகத்துக்குத் திரும்பிய வர்யாக்கை, எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அதன் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சு, பிரிட்டிஷ், இத்தாலியக் கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டன. பின்னாளில் ஜப்பான் அரசே வர்யாக்கின் தளபதி ருத்னேவுக்கு விருது வழங்கியது. இவ்வகை அச்சுகள் பெரும்பாலும் மூன்று தாள்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. ஓவியர் வரைய, மரக்கட்டையில் செதுக்குபவர் செதுக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கட்டை வைத்து அச்சிடுவார்கள். ஓரத்தில் ஓவியரின் பெயரும் வெளியீட்டாளரின் பெயரும் வெளியான தேதியும் இருக்கும். நூலில் அச்சானது மூன்றில் ஒரே தாள். ரஷ்ய மாலுமிகள் கைகளை விரித்தபடி கடலில் விழும் தாள் அது. ஓரம் வெட்டப்பட்டுவிட்டது. ‘செமுல்போ போர்க்களக் காட்சி’ என்பது மட்டுமே கீழே இருக்கிறது. ரஷ்ய மாலுமிகள் அஞ்சிக் கடலில் குதித்தார்கள் என்று விடைத்தாள்களில் வருவதற்கு இந்தத் தாளே காரணம். டோக்கியோவில் தம் அறையில் அமர்ந்து, தந்தியில் வந்த சில வரிகளை வைத்துக்கொண்டு, வெற்றியைக் கொண்டாடக் காத்திருந்த மக்களுக்காக ஓர் ஓவியர் கற்பனையில் வரைந்த காட்சி, நம் மாணவர்களிடம் நடந்த நிகழ்ச்சியாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் போரில் யார் எதைப் பார்த்தார்கள் என்பது தனிக் கதை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் போரைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் செய்தியாளர்களும் ஓவியர்களும் பெருந்திரளாக வந்தார்கள். ஜப்பானிய இராணுவம் அவர்களில் பலரை மாதக்கணக்கில் டோக்கியோவிலேயே நிறுத்திவைத்தது. பல போர்களை நேரில் கண்டு வரைந்த மூத்த ஓவியர் மெல்ட்டன் பிரையரும் அப்படிக் காத்துக் கிடந்தவர்களில் ஒருவர். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் ஜப்பானின் மோஜி துறைமுகத்தில் ஒளிப்படம் எடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். பின்னர் களத்துக்குப் போக அனுமதி பெற்றவர்களும் அதிகாரிகள் காட்டிய இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அனுப்பியவை தணிக்கைக்கு உட்பட்டன. களத்தில் போட்ட கோட்டோவியம் கப்பலேறி இலண்டனுக்கோ பாரிசுக்கோ போய்ச் சேர வாரக்கணக்கில் ஆனது. வாசகர்களோ அடுத்த வாரமே படம் வேண்டும் என்றார்கள். ஆகவே ஊரை விட்டு நகராத ஓவியர்கள் தந்தியையும் பழைய ஒளிப்படங்களையும் கப்பல் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு பக்கங்களை நிரப்பினார்கள்.

இதை அந்தக் காலத்துப் பத்திரிகைகள் மறைக்கவில்லை என்பதுதான் நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. இலண்டன் பட வார இதழ்கள் ‘களத்திலுள்ள எங்கள் சிறப்பு ஓவியரின் கோட்டோவியத்தைக் கொண்டு இன்னார் வரைந்தது’ என்று படத்தின் அடியிலேயே அச்சிட்டன. பாரிசில் ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழின் வண்ணப்பட வார இணைப்பு 5 சாந்தீமுக்கு (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விற்றது. ஏழைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை. அதன் உள்பக்கத்தில் அட்டைப் படங்களை விளக்கும் பத்தி ஒன்று இருக்கும். அந்த இணைப்பின் பழைய தாள்கள் சில என்னிடம் உள்ளன. பிரெஞ்சு கற்பிக்கும் நண்பர் ஒருவரின் துணையோடு அவற்றைப் படித்திருக்கிறேன். அட்டையின் மேலே தேதி, கீழே தலைப்பு, படத்தின் மூலையில் கையெழுத்து, உள்ளே விளக்கம் எல்லாம் இருக்கின்றன. 5 சாந்தீம் கொடுத்த பாரிஸ் தொழிலாளிக்குக் கிடைத்த இந்தத் தகவல், பல நூறு ரூபாய் கொடுத்து உங்கள் நூலை வாங்கும் தமிழ் மாணவருக்குக் கிடைக்கவில்லை.

நேரில் பார்த்து வரைவதற்கென்றே போன ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். வசீலி வெரெஷ்சாகின் என்ற ரஷ்ய ஓவியர், போரின் பெருமையை விட்டுவிட்டுப் பிணங்களையும் மண்டையோட்டுக் குவியலையும் வரைந்தவர். 1870களில் இந்தியாவுக்கும் வந்து இங்குள்ள கட்டடங்களையும் மனிதர்களையும் தீட்டியவர். அறுபது வயதைக் கடந்த நிலையில் போர்ட் ஆர்தருக்குப் போனார். 1904 ஏப்ரல் 13 அன்று ‘பெத்ரோபாவ்லவ்ஸ்க்’ போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியபோது ரஷ்யக் கடற்படைத் தளபதி மக்காரவோடு அவரும் மாண்டார். அந்தக் கப்பல் மூழ்குவதைக் காட்டும் பத்திரிகைப் படங்கள் பல உள்ளன. அவற்றை வரைந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடலையே பார்த்ததில்லை. இருவகைப் படங்களையும் பெயரில்லாமல் ஒரே பக்கத்தில் ஒட்டும்போது, பார்ப்பதற்காக உயிரைக் கொடுத்தவருக்கும் தந்தியைப் படித்துவிட்டு வரைந்தவருக்கும் இருக்கும் வேறுபாட்டை நீங்கள் அழித்துவிடுகிறீர்கள்.

ஓவியர் எந்த நாட்டுப் பத்திரிகைக்கு வரைந்தார் என்பதும் இந்தப் போரில் மிக முக்கியம். பிரிட்டன் 1902 ஜனவரியில் ஜப்பானோடு உடன்படிக்கை செய்திருந்தது. பிரான்சோ 1890களிலிருந்தே ரஷ்யாவின் கூட்டாளி, ரஷ்யக் கடன் பத்திரங்களில் பிரெஞ்சு மக்களின் சேமிப்பு ஏராளமாக முடங்கிக் கிடந்தது. இலண்டன் படங்களில் ஜப்பானியச் சிப்பாய் ஒழுங்கும் துணிவும் கொண்டவராகவே பெரும்பாலும் வருகிறார். பாரிஸ் படங்கள் பலவற்றில் ரஷ்யச் சிப்பாய் எண்ணிக்கையில் மிகுந்த எதிரியைத் தனித்து எதிர்க்கும் வீரராக நிற்கிறார். ரஷ்யாவில் தனித்தாளாக வந்த படங்களில் பூதாகரமான கொசாக் (ரஷ்யக் குதிரைப்படை) வீரர் குள்ளமான ஜப்பானியரைத் தூக்கி எறிகிறார். சீனாவின் வடகிழக்கிலுள்ள முக்டென் சமவெளியில் இரு தரப்பிலுமாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மோதியதும், கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலுள்ள சுஷிமா நீரிணையில் இரண்டே நாட்களில் ரஷ்யத் தரப்பில் 4,000க்கும் மேற்பட்டோர் மாண்டதும் இந்தப் படங்களில் எதை வைத்தும் ஊகிக்க இயலாதவை. பத்திரிகையின் பெயரை நீக்கிவிட்டால் இந்தச் சார்பு மாணவருக்குத் தெரியாமலே போய்விடும். கூடவே அன்றைய இனவெறியும் எவ்விதக் கேள்வியுமின்றி நம் பக்கங்களில் வந்து அமர்ந்துகொள்ளும்.

இந்தப் படங்களில் ஏறக்குறைய யாருமே காட்டாத மனிதர்களைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இரு பேரரசுகளும் மோதிய நிலம் இரண்டுக்கும் சொந்தமில்லை. போர் தொடங்கும் முன்பே, 1904 ஜனவரியில், கொரியா நடுநிலை அறிவித்தது. ஜப்பானியப் படைகள் அதைப் பொருட்படுத்தாமல் வந்து இறங்கின. பிப்ரவரி 12 அன்று சீனாவும் நடுநிலை அறிவித்தது. ஆனாலும் அதன் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவின் மண்ணில்தான் பெரும் தரைப்போர்கள் அனைத்தும் நடந்தன. சோளக்கொல்லைகள் பதுங்குகுழிகளாயின, கிராமங்கள் பாசறைகளாயின, இரு தரப்பும் விவசாயிகளை உளவாளிகள் என்று சந்தேகித்தன. ‘படத்தில் சண்டை போடும் இவர்கள் இருவருமே வெளியூர்க்காரர்கள் என்றால், அந்த ஊர்க்காரர்கள் எங்கே, ஐயா?’ என்று வகுப்பில் ஒரு மாணவர் என்னைக் கேட்டார். இந்தப் போரைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். அதற்கு விடை தேடிய நாளில், சீனா என்ற பணியாரத்தை ஐரோப்பிய மன்னர்களும் ஜப்பானும் சுற்றி அமர்ந்து பங்கு போடும் படத்தைக் காட்டினேன். பின்னால் சீன அதிகாரி ஒருவர் கைகளை உயர்த்திச் செய்வதறியாது நிற்பார். ஆன்றி மெயெர் வரைந்து 1898 ஜனவரியில் ‘லெ பெத்தி ஜூர்னால்’ இணைப்பில் வந்தது அது. போருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் சீனர் ஒருவரைக் கையறு நிலையிலாவது காட்டிய அதே பத்திரிகை உலகம், போர் வந்ததும் அவரைப் படத்தின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது.

லூ ஷுன்னைப் பற்றியும் அவர்களிடம் பேசினேன். சீன இலக்கியத்தின் பெரும் எழுத்தாளரான அவர் அப்போது ஜப்பானின் செந்தாய் நகரில் மருத்துவ மாணவர். வகுப்பு முடிந்து நேரம் மீந்தால் போர்க் காட்சிகளைத் திரையில் காட்டுவார்கள். ரஷ்யருக்கு உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சீனர் ஒருவரின் தலையை ஜப்பானியர் வெட்டவிருக்கும் காட்சி ஒருநாள் வந்தது. சுற்றிலும் சீனர்களே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் காட்சியே தம்மை மருத்துவத்திலிருந்து இலக்கியத்துக்குத் திருப்பியது என்று அவர் 1922இல் எழுதினார். போர்ப் படம் ஒன்றைப் பார்த்து, இது யாருடைய கண்ணால் பார்க்கப்பட்டது, யார் இதில் வெறும் கூட்டமாக நிற்கிறார்கள் என்று கேட்ட மாணவர் அவர். நம் மாணவர்களுக்கும் அப்படிக் கேட்கும் வாய்ப்பு வேண்டும்.

படங்கள் ஒரு நாட்டையே எப்படி நம்பவைக்கும் என்பதை ஜப்பானும் அறிந்துகொண்டது. வெற்றிப் படங்களையும் வெற்றிச் செய்திகளையும் மட்டுமே பார்த்துவந்த மக்கள், 1905 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்தில் ரஷ்யாவோடு கையெழுத்தான அமைதி உடன்படிக்கையில் இழப்பீட்டுத் தொகை இல்லை என்று அறிந்ததும் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடிக் கொந்தளித்தார்கள். அரசை ஆதரித்த நாளிதழின் அலுவலகத்தையும் தாக்கினார்கள். எழுத்தாளர் குனிகிதா தோப்போவை ஆசிரியராகக் கொண்ட போர்ப்பட இதழ், அந்தக் கலவரத்தையே பொருளாக்கித் தனிச் சிறப்பிதழ் வெளியிட்டது. கொரியாவுக்கோ சீனாவுக்கோ போர்ட்ஸ்மத் மேசையில் இடமில்லை. அதே ஆண்டு நவம்பரில் கொரியா ஜப்பானின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. 1910இல் முழுவதுமாக இணைக்கப்பட்டது. ஆசியாவின் வெற்றி என்று மட்டும் இந்தப் போரைக் கற்பிக்கும் நூலில் இந்த முடிவும் இருக்க வேண்டும்.

படத்துக்கு விளக்கம் எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. இந்தப் போர் முடிந்த மறு ஆண்டே, 1906இல், சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டபோது, படத்தோடு அதன் விளக்கத்தையும் சேர்த்தே வாசகருக்குத் தந்தார். அச்சு வசதிகள் இவ்வளவு பெருகிய காலத்தில் அதைக் கைவிடுவதற்குப் பக்கச் செலவு காரணமாகாது. ஒரு படத்துக்கு இரண்டு வரிகள் போதும். நூல் முழுவதற்கும் சில பக்கங்களே கூடும். உரிமைக்காலம் முடிந்தது என்றால் பணம் கட்ட வேண்டியதில்லை என்றுதான் பொருள். படம் எங்கிருந்து வந்தது என்று வாசகருக்கு அறிவிக்கும் பொறுப்பு அதனால் முடிந்துவிடாது.

ஆகவே உங்களிடம் இவற்றைக் கேட்கிறேன். படக்குறிப்புகளை நீக்கும் முடிவை அந்தப் பதிப்பகம் திரும்பப் பெற வேண்டும். மற்றவர்கள் அதைப் பின்பற்றக் கூடாது. இனி அச்சாகும் ஒவ்வொரு வரலாற்றுப் படத்தின் அடியிலும் வரைந்தவர், இதழ், ஊர், தேதி ஆகியவற்றையும், நேரில் கண்டு வரைந்ததா, கோட்டோவியத்தைக் கொண்டு வரைந்ததா, கற்பனையா என்பதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே அச்சிடுங்கள். கையெழுத்தையும் ஓரத்தையும் மூலத் தலைப்பையும் வெட்டாதீர்கள். தலைப்பைத் தமிழில் பெயர்த்துக் கொடுங்கள். மூன்று தாள் அச்சுகளை முழுமையாகவே வெளியிடுங்கள். ஒரு தரப்பின் போர்ப் படத்தை இடும்போது மறு தரப்பின் படத்தையும் எதிரே வையுங்கள். கொரியரும் சீனரும் பட்டதைப் பற்றி ஒரு பத்தியேனும் அதே பக்கத்தில் சேருங்கள். 1887ஆம் ஆண்டுப் படத்துக்கு 1904 என்று தேதியிட்ட நூலின் விற்காத படிகளில் திருத்தத் தாளை ஒட்டுங்கள். ஏற்கெனவே வாங்கிய கல்லூரி நூலகங்களுக்கும் பொது நூலகங்களுக்கும் அந்தத் தாளை அஞ்சலில் அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் பிழையை நீக்குங்கள். படங்களைச் சரிபார்க்க வரலாறு பயின்ற ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்துங்கள். அவருடைய பெயரை நூலில் அச்சிடுங்கள்.

என்னிடமுள்ள பழைய தாள்களையும், இந்தப் போரின் படங்களைப் பற்றி வகுப்புக்காக நான் எழுதிவைத்த குறிப்புகளையும் உங்களில் யார் கேட்டாலும் கட்டணமின்றித் தருகிறேன். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் உங்கள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்